கிண்டி வரை ஓர் ஆரணிய காண்டம்

வீட்டோடு மாப்பிள்ளைக்கும் ஊருக்குள் இருக்கும் காட்டுக்கும் ஜாதகம் ஒன்றுதான் என்பது என்னுடைய நெடுநாளைய சித்தாந்தம். வெளியூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வந்து இறங்குகிற மாப்பிள்ளைக்கு வெள்ளி டம்ளரில் காபியும், முந்திரிப்பருப்பு மிதக்கிற பாயசமும், ஊஞ்சலில் முதல் இடமும் கிடைக்க, வீட்டோடு இருக்கிறவரோ ரேஷன் கடைக்குப் போய், மின்சாரக் கட்டணம் கட்டி, மத்தியானம் திரும்பி வந்து மிஞ்சிய ரசத்தை மறு பேச்சின்றிச் சாப்பிடுகிறார். முதுமலையும் பெரியாறும் முதல் ரகத்து மாப்பிள்ளைகள். அவற்றைத் தரிசிப்பதற்காக ஆறு மாதம் முன்னதாகவே அறை பதிவு செய்து, ஸ்வெட்டர் வாங்கி, மலைப்பாதையின் வளைவுகளில் வயிற்றைப் பறிகொடுத்து, கடைசியில் நூறு கஜ தூரத்தில் ஒரு யானையின் பின்பக்கத்தைக் கண்டு மெய்சிலிர்த்துத் திரும்பி, அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பின்பக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். கிண்டி தேசியப் பூங்காவோ இரண்டாம் ரகம். சர்தார் படேல் சாலையில் பஸ்ஸில் போகும்போது அதன் சுற்றுச்சுவரை ஆயிரம் தடவைக்குக் குறையாமல் பார்த்திருக்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் என்னென்ன இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சுவருக்கு அந்தப் பக்கம் நரி இருக்கிறது என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

இந்த அஞ்ஞானத்திலிருந்து எனக்கு விமோசனம் வாய்த்தது ஒரு மார்கழியில். மயிலாப்பூரில் மார்கழி என்றால் கச்சேரி, கச்சேரி என்றால் விருந்தாளிகள். அந்த வருஷம் டில்லியிலிருந்து அத்தையும் அத்திம்பேரும், நியூஜெர்ஸியிலிருந்து பெரியப்பாவின் பிள்ளையான அண்ணா மன்னியுடனும் இரண்டு குழந்தைகளுடனும், தியாகராய நகரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தாத்தா வாங்கிய வீட்டில் வந்து குழுமினார்கள். பனகல் பார்க்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம்தான் ஆகும் என்றாலும், சித்தப்பா பெட்டி, படுக்கை, தலைகாணி, பத்து நாளைக்கான மாத்திரை சகிதமாக வந்து இறங்கியதைப் பார்த்தபோதே, இது வெறும் சங்கீத ரசனையால் நேர்ந்த விஜயம் அல்ல என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் வீடுதான். தாத்தா உயில் எழுதாமல் காலமானவர். அப்படிப்பட்டவருடைய சுயார்ஜித சொத்தில் 1956ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், பெண்ணுக்கும், முன்னமே இறந்த பிள்ளையின் வாரிசுக்கும் சம பாகம் உண்டு. ஆகவே பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, என் தகப்பனாரின் ஸ்தானத்தில் நான் என்று ஐந்து பங்கு. சித்தப்பா ஒரு நீல நிற பிளாஸ்டிக் உறையில் பிளானே கொண்டு வந்திருந்தார். நாலு மாடி, எட்டு பிளாட். அவற்றுள் மூன்றாவது மாடியில் ஈசான்ய மூலையில் இருக்கும் பிளாட்டின் பால்கனியிலிருந்து கபாலீசுவரர் கோயில் கோபுரம் தெரியும் என்று அவர் தெரியாத்தனமாக வாய்விட்டுச் சொல்லிவிட்டபடியால், மற்ற ஏழு பிளாட்டுகளும் அந்த க்ஷணமே அநாதைகளாகிவிட்டன. பெரியப்பாவுக்கு ஜ்யேஷ்டர் என்ற முறையில் ஈசான்யம் வேண்டும். அத்தைக்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக ஈசான்யம் வேண்டும். பில்டரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தவர் என்ற முறையில் சித்தப்பாவுக்கும் அதே ஈசான்யம்தான் வேண்டும். ஒரு நாள் வாக்குவாதம் முற்றிப் பெரியப்பா, "ஏண்டா, உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டே விட்டார். நல்லவேளையாக அது மார்கழி. பேச்சு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, "நாலரைக் கச்சேரிக்கு நாழியாச்சு" என்று எழுந்துவிடலாம். எத்தனையோ குடும்பங்களைக் கோர்ட்டு வாசல் மிதிக்காமல் காப்பாற்றி வைத்திருப்பதற்காகவே நமது சபாக்களுக்கு சர்க்கார் மானியம் கொடுக்கலாம்.

இந்நிலையில் காட்டைப் பற்றிய பிரஸ்தாபத்தை எடுத்தவன் அண்ணாவின் மூத்த பிள்ளை, ஒன்பது வயதுப் பையன். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் ஒரு சிறு கையேடு வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் மாதிரி இருக்கும். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அங்கே தேதி போட்ட முத்திரை ஒன்றைக் குத்திக்கொண்டு வரலாம். அவனுடைய புத்தகத்தில் யெல்லோஸ்டோன் முதலாகப் பல முத்திரைகள் இருந்தன. இந்திய தேசியப் பூங்கா ஒன்றின் முத்திரை இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று அவன் சங்கல்பம் செய்துகொண்டிருந்தான். நான் யதேச்சையாக, "இங்கேயே ஒண்ணு இருக்கே, கிண்டியில்" என்று சொன்னேன்.

"அது தேசியப் பூங்காவா? மான் பார்க்குன்னா!" என்றார் அத்திம்பேர். அவர் டில்லிக்காரர், கார்பெட்டுக்கு மூன்று தரம் போய் வந்தவர். 1936இல் ஹெய்லி என்ற கவர்னரின் பெயரால் ஏற்பட்ட, இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவான அது, ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடப்பது. அந்த ஐந்நூறும் தம்முடைய பெயரில் பட்டாவான மாதிரி அவர் பேசுவது வழக்கம். கிண்டியின் விஸ்தீரணம் 2.7 சதுர கிலோமீட்டர் என்றும், 1978லேயே அதற்கு தேசியப் பூங்கா அந்தஸ்து கொடுத்தாகிவிட்டது என்றும் நான் சொன்னதும், அண்ணா கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, யெல்லோஸ்டோனுக்குள் மூவாயிரத்துச் சொச்சம் கிண்டிகளை அடுக்கலாம் என்று அறிவித்தான். பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருஷம் கணக்குத் தணிக்கை உத்தியோகம் பார்த்தவர். அவருடைய ஊர்ச் சொத்தை யாராவது குறைத்து மதிப்பிட்டால் தாங்கமாட்டார். "பட்டணத்துக்கு நடுவிலே தேசியப் பூங்கா எத்தனை ஊர்லே இருக்கு, சொல்லுங்கோ மாப்பிள்ளை!" என்று எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். யாத்திரை நிச்சயமாகிவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுவே அறிகுறி. சித்தப்பாவும் உற்சாகமாகத் தலையை ஆட்டினார். ஓடுகிற வேனிலிருந்து ஒருவரும் கச்சேரிக்கு நாழியாச்சு என்று எழுந்து போக முடியாது என்பதை அவர் அதற்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து கிண்டி தென்மேற்கு. வியாழக்கிழமை தெற்கே சூலம், பரிகாரம் தைலம். எண்ணெய் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவதற்கு அத்திம்பேர் இசையவில்லை. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம். திங்களும் புதனும் முக்கியமான கச்சேரிகள். இப்படிச் சல்லடை போட்டுச் சலித்ததில் சகல தோஷங்களும் நீங்கிப் பரிசுத்தமாக மிஞ்சியது செவ்வாய் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கு வார விடுமுறை என்பதைத் திங்கள் இரவு பக்கத்து வீட்டு மாமி வந்து சொன்னாள். பெரியப்பா பஞ்சாங்கத்தைச் சற்று நேரம் அவநம்பிக்கையோடு பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துக்கொண்டார். மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். ஆகவே ஞாயிறன்று காலை எட்டரை மணிக்குப் பெரியம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, வேனில் ஏறுகிற ஒவ்வொருவர் வாயிலும் ஒரு வெல்லக்கட்டியைப் போட்டாள். நியூஜெர்ஸிக் குழந்தைகளுக்கு அந்தச் சடங்கு மிகவும் பிடித்துப்போய், இறங்கி இறங்கி மூன்று தடவை ஏறினார்கள்.

பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் நாங்கள் பதின்மூன்று பேர். பதினான்காவது பிரயாணியாகச் சாப்பாடு. ஏழு கிலோமீட்டர் தூரத்துப் பயணத்துக்குப் புளியோதரை ஓர் அடுக்கு, தயிர்சாதம் ஒரு டப்பா, எண்ணெயில் குளித்த மிளகாய்ப்பொடி இட்லி ஒரு தூக்கு, வடுமாங்காய் ஒரு ஜாடி, வழியில் கொறிக்க முறுக்கு, முறுக்கு தீர்ந்தால் தட்டை. வழியில் மூன்று ஹோட்டல்கள் இருக்கின்றனவே என்று என் மனைவி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "காட்டுக்குப் போறோம்டீ" என்றாள் பெரியம்மா. பதினான்கு வருஷத்துக்குப் புறப்பட்ட ஸ்ரீராமன்கூட இவ்வளவு கொண்டு போனதாகத் தெரியவில்லை. பாட்டி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸ்படிக மாலையை உருட்டியபடி, ஒன்றும் சொல்லாமல் வந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ஐதீகம். அந்த மந்தம் சொத்துப் பேச்சு எழும்போது மட்டும் அதிகமாகிறது என்பது என்னுடைய சந்தேகம்.

மந்தைவெளி தாண்டி, அடையாற்றுப் பாலமும் தாண்டி, மத்திய கைலாஷ் பிள்ளையாருக்கு எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டானதும், பெரியப்பா ஸ்தல புராணத்தை ஆரம்பித்தார். இந்தப் பிரதேசம் முழுவதும் ஒரு காலத்தில் ஒரே வனம். கிண்டி லாட்ஜ் என்ற மாளிகையும் அதைச் சுற்றிய வேட்டைக்காடும். தாமஸ் மன்றோ கவர்னராக இருந்த காலத்தில், 1821இல், கம்பெனி சர்க்கார் ஒரு வெள்ளைக்காரரின் ஆஸ்தியிலிருந்து அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ("இன்னைக்கு அந்தப் பணத்துக்கு மயிலாப்பூர்லே ஒரு ஸ்கூட்டர் நிறுத்தற இடம் வராது" என்று சித்தப்பா பின்னாலிருந்து முனகினார்.) கவர்னர்கள் பட்டணத்து இரைச்சலிலிருந்து தப்பி ஓய்வெடுக்க வந்து போன இடம் அது, சுதந்திரத்தை ஒட்டி அதுவே அவர்களுடைய நிரந்தர வாசஸ்தலமாயிற்று. 1910இல் ஒதுக்கப்பட்ட காடாக அறிவித்தபோது 505 ஹெக்டேர் இருந்தது. அதற்குப் பிறகுதான் பாகப்பிரிவினை தொடங்கியது.

"பாகப்பிரிவினை" என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுமே பெரியப்பாவுக்குத் தாம் செய்த பிழை புரிந்துவிட்டது. ஆனால் ஸ்தல புராணத்தை நடுவில் நிறுத்தக் கூடாதல்லவா? மேலே சொல்லிக்கொண்டே போனார். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு பாகஸ்தராக வந்து காட்சி கொடுத்தபடி இருந்தார்கள். இதோ ஐ.ஐ.டி.; மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் வந்தது; காட்டில் பெரிய பங்கு. இதோ 1956லேயே வந்துவிட்ட காந்தி மண்டபம். பக்கத்தில் ராஜாஜிக்கு ஒன்று, காமராஜருக்கு ஒன்று. குழந்தைகளுக்கென்று ஒரு பூங்கா. பாம்புகளுக்குக்கூட ஒரு பண்ணை. எல்லோரும் யோக்கியமான பாகஸ்தர்கள். ஒருவரையும் வேண்டாமென்று சொல்ல முடியாது. படிப்பு வேண்டாமா? மகான்களுக்கு மரியாதை வேண்டாமா? இப்படி வேண்டும் வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தது போக மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். பாதிக்குச் சற்று மேல். அந்த மிச்சத்துக்குத்தான் 1978இல் தேசியப் பூங்கா என்று பட்டம் கட்டினார்கள். அந்தக் காடு முதுமலையில் இருந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டோடு இருந்ததால்தான் ஆளுக்கொரு மூலையைக் கேட்டார்கள்.

"நியாயமாத்தானே பிரிச்சிருக்கா. எல்லாரும் அவாவா பங்கோட சௌக்கியமா இருக்கா பாருங்கோ!" என்றார் சித்தப்பா, மடியிலிருந்த நீல உறையைத் தடவியபடியே. சமயம் பார்த்து உறையிலிருந்து பிளானை அவர் உருவப் போக, அதே சமயத்தில் வேன் நின்றது. இடம் வந்துவிட்டது. ஏழு கிலோமீட்டர் தூரம் சமரசப் பேச்சுக்குப் போதாது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஜன்னலில் பையன் புத்தகத்தை நீட்டி முத்திரை கேட்டான். உள்ளே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், கரடி படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைக் கிளறித் தேதி போடும் ரப்பர் முத்திரை ஒன்றைக் கண்டுபிடித்து, வாயால் ஊதி, ஊதா மையில் அழுத்தி, வெகு சிரத்தையோடு குத்திக் கொடுத்தார். அது தலைகீழாக விழுந்திருந்தது. யெல்லோஸ்டோனுக்குப் பக்கத்தில் அது எனக்கு வெகு கம்பீரமாகவே தோன்றிற்று.

உட்காடு நாம் நினைத்தபடி நுழையக்கூடிய இடமல்ல. வனத்துறையின் அனுமதி வேண்டும். நம்மைப் போன்ற பாமர ஜனங்களுக்கு அதன் விளிம்பில் இருக்கும் சிறுவர் பூங்காதான். ஆனால் அங்கே நின்றுகொண்டு வேலிக்கு அப்பால் பார்த்தாலே போதும். சாலையின் ஹாரன் சத்தம் காதில் இருக்கும்போதே, கண்ணுக்கு எதிரில் நாவலும் விளாவும் ஆலும் பனையும் காட்டு எலுமிச்சைப் புதரும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சோழமண்டலக் கரையின் பழைய வறண்ட பசுமைக்காடு அது. கோடையிலும் அடியோடு இலை உதிர்த்துவிடாத ரகம். சென்னை என்ற ஊர் உண்டாவதற்கு முன் இந்தக் கரை எப்படி இருந்தது என்பதை இன்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இப்படிப்பட்ட இரண்டொரு துண்டுகளைத்தான் தேடிப் போக வேண்டும். "எங்கே புலி?" என்றார் அத்திம்பேர். "எங்கே கரடி?" என்றாள் அண்ணாவின் இளைய பெண். இருவருக்கும் ஒரு கீரிப்பிள்ளை பாதையின் குறுக்கே ஓடிப் பதில் சொல்லிற்று.

புள்ளிமான்கள் கும்பலாக நின்றன. ஒரு கிழட்டு ஆண் மானின் தலையில் கொம்பே இல்லை. கொம்பு இருந்த இடத்தில் இரண்டு தடித்த காய்ப்புகள்தான் இருந்தன. "பாவம், யாரோ அறுத்துட்டா" என்று அத்தை உருகினாள். இங்கே அத்திம்பேரின் கார்பெட் ஞானம் முதல் தடவையாக உபயோகப்பட்டது. புள்ளிமானின் கொம்பு கிளை விட்டு வளர்ந்து, வருஷா வருஷம் தானாகவே விழுந்துவிடும், பிறகு வெல்வெட்டு மாதிரி தோல் போர்த்தி மறுபடி முளைக்கும் என்றார். எதிர்த் தடுப்புக்குள் இருந்த வெளிமானைக் காட்டி, அதன் கொம்போ திருகு திருகாக, கிளையே இல்லாமல், ஆயுசு பரியந்தம் விழாமல் நிற்கும் என்றார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஆகாசத்தைப் பார்த்தார். உறவினர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி கொம்பை உதிர்த்துவிட்டுக் கங்கா ஸ்நானம் விசாரித்து, கார்த்திகைக்குள் மறுபடி முளைக்க வைத்துக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். முப்பது வருஷத்துக்கு முந்திய சீமந்தத்தில் காபி ஆறிப்போயிருந்ததை இன்னும் தலையில் திருகிக்கொண்டு நிற்கிறவர்கள் மற்றொரு ரகம். முதல் ரகம் சத்தம் அதிகம் போடும் என்றாலும் சமாளிக்கலாம்.

அந்த வெளிமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுகும் பக்கமும் கருத்து, வயிறு சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, ஒரு பழைய காலத்துக் கோட்டு வக்கீல் மாதிரி இருந்தது. கண்ணின் உள் மூலைக்குக் கீழே ஒரு சிறு பிளவு. அது நிதானமாக நடந்து ஒரு குச்சியின் அருகே போய், கண்ணில் குத்திக்கொள்ளப் போகிறதோ என்று நாங்கள் பதறும்படி முகத்தைச் சாய்த்து, அந்தப் பிளவால் குச்சி நுனியை மெல்லத் தேய்த்தது; தேய்த்த இடத்தில் கறுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டியது. பிறகு பத்தடி தள்ளி, ஏற்கெனவே புழுக்கை குவிந்திருந்த இடத்துக்கே போய், அதே இடத்தில் மேலும் கொஞ்சம் போட்டுவிட்டு, தலையை நிமிர்த்திக் கொம்பு முதுகைத் தொடும்படி சாய்த்து நின்றது. ஆண் வெளிமான் தன் எல்லையை இப்படித்தான் நிர்ணயம் செய்கிறது. குச்சியில் பிசுக்கு, தரையில் புழுக்கை; இன்னொரு ஆண் அதற்குள் வந்தால் சண்டை. சர்வே கல், பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அதிலேயே முடிந்துவிடுகிறது. சித்தப்பா நீல உறையை மார்போடு அணைத்தபடி வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதுவும் அவரையே பார்த்தது. சமான அந்தஸ்துள்ளவர்கள் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்தது பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் என்ற அமெரிக்க வம்சத்தவர் தொடங்கி, 1972 முதல் கிண்டியில் இருந்து வருவது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நம் நாட்டு மகா மந்திரிகள் நால்வரையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, அருகிலிருந்து பார்க்கலாம். பாம்பு பால் குடிப்பதில்லை என்று விளக்கினவர் சொன்னதும் அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ நான் இத்தனை வருஷமா புத்துக்கு ஊத்தினதெல்லாம்?" என்று கேட்டாள். "எறும்புக்கு" என்றார் பெரியப்பா. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையின் அதிர்வைத்தான் முக்கியமாக உணர்கிறது, மகுடியின் நாதத்துக்கு அல்ல, அது அசைகிற அசைவுக்குத்தான் படத்தை ஆட்டுகிறது என்றும் தெரிந்துகொண்டோம். அன்று மாலை சபாவில் பாடகரின் கையைப் பார்த்தே முதல் வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்த சில ரசிகர்களைக் கண்டபோது எனக்கு என்னென்னவோ நினைவு வந்தது; அதை எழுதினால் அடுத்த வருஷம் எனக்கு டிக்கெட் கிடைக்காது.

மணி பன்னிரண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு மேல் ஒன்றரை வரை எமகண்டம் என்றும், அதற்குள் முதல் பிடி வாய்க்குள் போய்விட வேண்டும் என்றும் பெரியப்பா துரிதப்படுத்தியதில், காந்தி மண்டபத்தின் மரநிழலில் ஓர் இடம் பிடித்து ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். பெரியம்மா பரிமாறத் தொடங்கினாள். கச்சேரி மாலை நாலரைக்குத்தான்; எழுந்து போக யாருக்கும் முகாந்திரம் கிடையாது; வாயில் புளியோதரை இருப்பதால் ஆக்ஷேபமும் செய்ய முடியாது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று சித்தப்பா பிளானை உருவி ஜமக்காளத்தின் நடுவில் விரித்தார்.

காற்று அடித்தது. தாள் படபடவென்று எழுந்தது. அவரே அவசர அவசரமாக நாலு மூலைக்கும் நாலு பாரம் வைத்தார். அக்னி மூலையில் புளியோதரை அடுக்கு, நிருருதி மூலையில் தயிர்சாத டப்பா, வாயு மூலையில் வடுமாங்காய் ஜாடி. மிச்சமிருந்த மூலையில் மிளகாய்ப்பொடி இட்லித் தூக்கு.

"கோபுரம் தெரியற பிளாட்டை சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம். அதுலே யாருக்கும் மனஸ்தாபம் வராது" என்றார் சித்தப்பா. யாரும் மறுக்கவில்லை. பெரியப்பா புளியோதரையை மென்றபடி யோசித்தார். அத்தை அத்திம்பேரைப் பார்த்தாள். அத்திம்பேர் கார்பெட்டை மறந்து முதல் தடவையாக மயிலாப்பூரைப் பற்றிச் சிந்திப்பது போலிருந்தது. எனக்குக்கூட, ஒன்றிரண்டு கொம்புகள் ஆடுகிற மாதிரி ஒரு பிரமை தட்டியது. அந்தச் சமயத்தில் பாட்டி ஸ்படிக மாலையை மடியில் வைத்துவிட்டு, "எனக்கு ஒரு இட்லி கொடுங்கோடா" என்றாள்.

பெரியம்மா தூக்கை எடுத்தாள். அதன் அடி விளிம்பில் எத்தனை நாளாக ஓட்டை இருந்ததோ தெரியவில்லை. தாளில், ஒரு சாஸனத்துக்கு வைத்த முத்திரை போல, துல்லியமான வட்டமாக நல்லெண்ணெய். வட்டத்துக்குள் மிளகாய்ப்பொடிச் சிவப்பு, மெதுவாக, எல்லாத் திசையிலும், பக்கத்துச் சுவர்களைக் கடந்து பரவிக்கொண்டிருந்தது.

அண்ணாவின் பிள்ளை தன் புத்தகத்தோடு ஓடி வந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, உங்களுக்கும் ஸ்டாம்ப் போட்டுட்டாளா!" என்று கை தட்டினான்.

"எந்த பிளாட்?" என்றார் அத்திம்பேர்.

மூன்று பேரும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்கள்.